தெள்ளும் தழையும்

வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர்களுக்கும், மாட்டுக்கொட்டிலை வீட்டோடு ஒட்டி வைத்திருப்பவர்களுக்கும், மழை தொடங்கிச் சில வாரங்கள் கழிந்ததும் கணுக்காலைச் சுற்றி இரண்டும் மூன்றுமாய் வரிசை பிடித்துச் சிவந்த தடிப்புகள் தோன்றுவது புதிய அனுபவமன்று. அதைக் கண்டவுடன் வேப்பந்தழையைப் பரப்பச் சொல்வார் ஒருவர். நொச்சியைப் புகைக்கச் சொல்வார் மற்றொருவர். வசம்பை இழைத்து நாயின் கழுத்தில் பூசினால் போதும் என்பார் மூன்றாமவர். வாசலில் துளசியும் எலுமிச்சைப் புல்லும் வைத்துவிட்டால் தெள்ளு என்பதே அந்தப் பக்கம் தலைகாட்டாது என்று சத்தியம் செய்யவும் ஆள் உண்டு. இந்த யோசனைகளுள் எதையும் வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் சொல்லப்படும் விதத்திலேயே செய்தால் சொல்லப்படும் பலன் முழுவதும் கிட்டுவது அரிது. மூலிகையில் சக்தி இருந்தும் வீட்டில் தெள்ளு குறையாதிருப்பது ஏன் என்பதற்கு விடை செடியிடத்தில் இல்லை. தெள்ளின் வாழ்க்கை முறையிடத்தில் இருக்கிறது.

தெள்ளுக்குச் சிறகு கிடையாது. பக்கவாட்டில் நசுங்கினாற் போன்ற தட்டை உடலும், அடர்ந்த ரோமத்தினூடே வழுக்காமல் முன்னேறுவதற்கு உதவும் பின்னோக்கிய முட்களும், துள்ளுவதற்கென்றே அமைந்த பின்னங்கால்களும் அதன் ஆயுதங்கள். நாயின் மேல் நாம் காண்பதும் பெரும்பாலும் பூனைத்தெள்ளு என்று சாஸ்திரக்காரர்கள் பெயரிட்ட இனமே என்பது பலருக்கு வியப்பளிக்கக் கூடும். இதன் பெண், முதல் முறை இரத்தம் குடித்த இரண்டொரு நாளில் முட்டையிடத் தொடங்கி, செழிப்பான காலத்தில் நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடுகிறது. அம்முட்டைகள் ரோமத்தில் ஒட்டுவதில்லை. நாய் எங்கெல்லாம் படுக்கிறதோ, எங்கே நின்று உடம்பை உதறுகிறதோ, அங்கெல்லாம் உதிர்ந்து தரைப் புழுதியோடு கலந்துவிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் புழு நாயை ஒருகாலும் கடிப்பதில்லை. தாய்த்தெள்ளுகள் அரைகுறையாகச் செரித்துக் கழித்த உலர்ந்த இரத்தத் துகள்களே அதற்கு ஆகாரம். ஆகவே ஒரு வீட்டிலுள்ள தெள்ளுக் குடும்பத்தில், நாயின் மேல் ஓடுவதும் நம்மைக் கடிப்பதுமான முதிர்ந்த பூச்சிகள் நூற்றுக்கு ஐந்து என்ற அளவே என்றும், எஞ்சியவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப் புழுவாகவும் தரையிலும் விரிப்பிலும் மறைந்திருப்பவை என்றும் பூச்சி நூலார் மதிப்பிடுகிறார்கள்.

திண்ணை மூலையில் நாய்க்கென்று போட்டிருக்கும் பழைய சாக்கைத் தூக்கி, அதன் அடியிலுள்ள புழுதியை ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் மெல்லத் தட்டிப் பாருங்கள். மிளகுத் தூளைத் தூவினாற் போலக் கறுப்புத் துகள்கள் உதிரும். அவற்றின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டால் சற்று நேரத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செங்காவி நிறம் படரும். வெறும் மண்ணாயிருந்தால் படராது. நிறம் படர்ந்ததென்றால் அது இரத்தம். அங்கே தெள்ளு குடியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிந்த ஆதாரம் வேண்டுவதில்லை. உற்றுப் பார்த்தால் அந்தத் துகள்களுக்கிடையில், அரை சென்டிமீட்டருக்கு மேற்படாத, காலும் கண்ணுமில்லாத, வெளிறிய மயிரடர்ந்த புழுக்கள் வெளிச்சம் பட்டவுடன் நெளிந்து நெளிந்து காகிதத்தின் மடிப்புக்குள் ஒளிய முயல்வதைக் காணலாம். வெளிச்சத்துக்கு அஞ்சுவது அவற்றின் சுபாவம். வறட்சிக்கோ அவை அஞ்சுவதோடு நில்லாமல் மடிந்தே போகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய பாதிக்குக் கீழே இறங்கினாலும், வெயிலின் வெப்பம் 35 பாகைக்கு மேலே போனாலும் அந்தப் புழுக்கள் பிழைப்பதில்லை. நம் நாட்டுச் சித்திரை வெயிலில் திறந்த முற்றத்தில் தெள்ளு வளராததற்கும், மழைக்காலத்துத் திண்ணை மூலையில் அது பெருகுவதற்கும் காரணம் இதுவே.

புழுப் பருவம் முடிந்ததும் அது பட்டு நூலால் ஒரு கூடு பின்னிக்கொள்கிறது. அந்தக் கூடு பிசுபிசுப்பானதாகையால் சுற்றிலுமுள்ள மண்ணும் பஞ்சும் அதன் மேல் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமலும் மருந்துக்கு எட்டாமலும் அதைக் காத்து நிற்கின்றன. உள்ளே முதிர்ந்த பூச்சி, ஏதேனும் ஒரு பிராணி அருகில் வந்த அறிகுறி கிட்டும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வல்லது. காலடியின் அதிர்வும், உடற்சூடும், மூச்சுக் காற்றிலுள்ள கரியமில வாயுவும் அதற்கு அழைப்பு. நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே நுழைபவரின் கால்களில் கணக்கற்ற தெள்ளுகள் ஒரே வேளையில் வந்து மொய்ப்பதற்கு வேறு மர்மம் எதுவுமில்லை.

தெள்ளு அருவருப்பான பூச்சி என்ற அளவில் நின்றிருந்தால் அதைப் பற்றி இத்தனை ஆராய்ச்சி நடந்திருக்காது. 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக் பல ஆண்டுகள் இந்தியாவை உலுக்கியபோதுதான் உலகம் இதைக் கூர்ந்து நோக்கியது. பிரெஞ்சு வைத்தியரான பால்-லூயி சிமோன் என்பவர் 1898-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி கராச்சியில், பிளேக் கண்ட எலியொன்றை அதன் தெள்ளுகளோடு கண்ணாடி ஜாடியில் விட்டு, அது சாகும் தறுவாயில் ஆரோக்கியமான இன்னோர் எலியைக் கம்பிவலைக்குள் வைத்து அதே ஜாடியில் இறக்கினார். இரண்டும் ஒன்றையொன்று தீண்டவில்லையாயினும், செத்த எலியின் உடல் குளிர்ந்ததும் அதைவிட்டுத் துள்ளிய தெள்ளுகள் வழியே நோய் மற்றதைப் பற்றியது. அவர் கூறியதை அக்காலத்து அறிஞர்கள் எளிதில் ஒப்பவில்லை. 1905 முதல் பம்பாயில் நடந்த பிளேக் ஆராய்ச்சியில், நோய் புகுந்த வீடுகளில் கினிப் பன்றிகளைக் கூண்டிலிட்டுத் தொங்கவிட்டுப் பார்த்தபோது, தரைக்குச் சில அங்குல உயரத்திலிருந்தவை நோய் கொண்டன. தெள்ளு துள்ளி எட்டாத 2 அடி உயரத்திலிருந்தவை தப்பின. சிமோனின் கூற்று அதன் பிறகே ஐயமற நிலைபெற்றது.

அந்த நோய் தமிழ்நாட்டின் மேற்குப் பகுதியையும் விடவில்லை. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரோடு இன்றும் விளங்கும் கோயில்கள் அந்தக் காலத்து அச்சத்தின் சாட்சிகள். மாரியம்மனுக்கு உரிய வேம்பு வாசல்தோறும் தோரணமாகத் தொங்கியிருக்கும். அதைக் குறைகூற நான் துணியேன். ஆனால் நிலைப்படிக்கு மேலே தொங்கும் தழைக்கும், எலி வளையோரத்துப் புழுதியில் நெளியும் புழுவுக்கும் இடையிலிருந்த ஆறு அடி உயரம், பம்பாய்க் கூண்டுகளின் பரீட்சை காட்டியதைப் போல, மிகவும் பெரிய தூரம்.

வாசனைச் செடிகளைப் பற்றி இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். நொச்சி, துளசி, திருநீற்றுப்பச்சை, எலுமிச்சைப் புல் முதலியவற்றின் வீரியம், இலையிலுள்ள நுண்ணிய சுரப்பிகளிலும் பைகளிலும் அடைபட்டிருக்கும் ஆவியாகும் எண்ணெயிலே இருக்கிறது. இலையைக் கசக்கினாலோ, இடித்தாலோ, தணலில் இட்டாலோதான் அது வெளிப்படும். தொட்டியில் அசையாமல் நிற்கும் செடி தன் செல்வத்தைத் தானே பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறது. கொசுவை ஓட்டுவதற்கென்று சென்னை மாநகராட்சி வீடுதோறும் நொச்சிக் கன்று வழங்கியதுண்டு. மரம் வளர்ப்பது எந்தக் காரணத்தாலும் நன்றே என்ற வகையில் அதை வரவேற்கலாமே தவிர, வேலியோரத்து நொச்சியைக் கண்டு கொசுவும் தெள்ளும் அஞ்சி ஓடும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. நம் பாட்டிமார் இதை அறிந்தே இருந்தார்கள் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் நொச்சியை ஒடித்தார்கள், அடைக்கு வைத்த கோழியின் கூடையில் பரப்பினார்கள், குதிரில் தானியத்தோடு கலந்தார்கள், வாடியதும் எடுத்தெறிந்து புதிது வைத்தார்கள்.

புகையும் அப்படியே. சாம்பிராணியோடு நொச்சியும் வேம்பும் இட்டுப் புகை போட்டால் பறக்கும் கொசு வெளியேறும். ஆனால் தெள்ளோ தரையோடு ஒட்டி வாழ்வது. நாயின் மேல் ஏறிவிட்ட தெள்ளு அதைவிட்டு எளிதில் இறங்குவதுமில்லை. கூட்டுக்குள் இருப்பதைப் புகை தீண்டாது. ஒருகால் தீண்டி விரட்டினாலும், மூலையிலிருந்ததை அது கட்டிலடிக்கு அனுப்பியதாகத்தான் முடியும்.

மேல்நாட்டிலும் இதே நம்பிக்கைகள் இருந்தன. புதினா இனத்தைச் சேர்ந்த பென்னிராயல் என்னும் பூண்டின் புகை தெள்ளைக் கொல்லும் என்று ரோமாபுரி அறிஞர் பிளினி எழுதினார். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் விவசாயத்தைச் செய்யுளாகப் பாடிய தாமஸ் டஸ்ஸர், எட்டிபோற் கசக்கும் மாசிபத்திரி இனத்துச் செடியொன்றைத் தரையில் தூவச் சொன்னார். பென்னிராயலின் பின்கதை வருந்தத் தக்கது. அதன் எண்ணெயில் மிகுந்துள்ள புலிகோன் என்ற பொருள் ஈரலைக் கெடுக்கும் விஷம். தெள்ளைப் போக்க அந்த எண்ணெய் பூசப்பட்ட நாயொன்று ஈரல் கெட்டு இறந்த செய்தி 1992-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று. இயற்கையிலிருந்து வந்தது என்பதனால் மட்டும் ஒரு பொருள் சாதுவாகிவிடாது.

தெள்ளின் மேல் மெய்யாகவே ஆதிக்கம் செலுத்திய செடி ஒன்று உண்டென்றால் அது பைரெத்ரம்தான். சாமந்தியைச் சேர்ந்த இனம். வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட அதன் பூவை உலர்த்திப் பொடித்தால், அந்தப் பொடியிலுள்ள பைரெத்ரின் என்னும் பொருள்கள் பூச்சியின் நரம்பைத் தாக்கிச் சில நிமிஷங்களில் சாய்த்துவிடும். காக்கேசிய மலைநாட்டிலும் தல்மேஷியக் கடற்கரையிலும் விளைந்த இப்பொடி பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் விற்பனையாயிற்று. ஜப்பானில் ஊயேயாமா என்ற வணிகர் அதை ஊதுவத்தியாக்கி, பின்னர் அவருடைய மனைவி சொன்ன யோசனைப்படி சுருளாக்கினார். இன்று நம் கட்டிலடியில் எரியும் கொசுவர்த்திச் சுருளின் மூதாதை அதுவே. இந்தப் பூ வாசனையால் விரட்டுவதன்று, விஷத்தால் கொல்வது என்பதைக் கருத்தில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் விரைவில் சிதைந்துபோகும் குணமே அதன் பெருமையும் குறையும். அந்தக் குறையை நீக்க முயன்ற இங்கிலாந்து விஞ்ஞானி மைக்கேல் எலியட் 1973-இல் பெர்மெத்ரின் என்ற செயற்கைப் பொருளை ஆக்கினார். வெயிலில் நிலைக்கும் அது நாய்க்கு ஏற்றதாயும், பூனைக்கு உயிரைப் போக்குவதாயும் அமைந்தது.

வேம்புக்கு வருவோம். 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை ஊரையே மொட்டையடித்துச் சென்றபோது வேப்பமரங்கள் மட்டும் பச்சையாய் நின்றதை ஜெர்மானிய அறிஞர் ஷ்முத்தரர் கண்டார். டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பிரதான் முதலியோர் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தீண்டாததை 1962-இல் எழுதினார்கள். 1968-இல் இங்கிலாந்தில் அதன் சாரமான அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பு எத்துணைச் சிக்கலானதென்றால், அதைப் பரிசோதனைச் சாலையில் செயற்கையாக ஆக்கி முடிக்க 2007 வரை காத்திருக்க நேர்ந்தது. இதன் வேலை பைரெத்ரத்தின் வேலையைப் போன்றதன்று. பூச்சியை அது அடித்து வீழ்த்துவதில்லை. புழு தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போவதை நடத்தும் சுரப்புநீரைக் குலைத்து, அது வளராமலே மடியச் செய்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் கிடக்கும் ஒரு ஜந்துவுக்கு இதைவிடப் பொருத்தமான எதிரி வேறில்லை. ஆனால் அது புழு இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சாக்கின் அடியிலும், திண்ணை வெடிப்பிலும், கட்டிலின் மூட்டிலும். தோரணத்திலிருந்து அது அங்கே இறங்கிவராது.

நம் வேளாண்மைத் துறையினர் பயிருக்குப் பரிந்துரைக்கும் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறே இதற்கும் போதுமானது: 50 கிராம் வேப்பம் பருப்பை நன்றாக இடித்து, ஒரு லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் மெல்லிய துணியில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். இலையைவிடக் கொட்டையிலேயே சாரம் மிகுதி. பழங்கொட்டையும் பூஞ்சை பிடித்த கொட்டையும் பயன்படா. வெயிலில் இச்சாரமும் சிதைவதால் சாயங்காலத்தில், நிழலான இடங்களில் தெளிப்பதும், வாரத்துக்கு ஒருமுறை ஒரு மாத காலம் தொடர்வதும் முறை. ஒரு தலைமுறை முட்டையிலிருந்து துள்ளும் பருவத்துக்கு வர, வெப்பமான ஊர்களில் மூன்று நான்கு வாரங்கள் ஆகின்றன அல்லவா? ஒருநாள் தெளித்துவிட்டு மறுநாள் கடி நிற்கவில்லையே என்று வேம்பை நிந்திப்பவர்கள், அதனிடம் பைரெத்ரத்தின் வேலையை எதிர்பார்க்கிறார்கள். வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுப்பது மட்டும் கூடாது. அப்படிக் கொடுக்கப்பட்ட சிசுக்கள் வாந்தியும் மயக்கமும் வலிப்பும் கண்ட சம்பவங்களை மலேசிய வைத்தியர்கள் 1981-இல் லான்செட் ஏட்டில் வெளியிட்டிருக்கிறார்கள்.

வசம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிலுள்ள அசரோன் என்னும் பொருளின் ஆவி பூச்சிகளின் சினைப்பையைக் கெடுத்து மலடாக்குவதை 1977-இல் ஜம்மு ஆராய்ச்சியாளர்கள் நேச்சர் ஏட்டில் வெளியிட்டார்கள். எனவே படுக்கைக்கு அடியில் வசம்புப் பொடி தூவும் பழக்கத்தில் விஷயம் இருக்கிறது. அதே அசரோன் எலிகளிடத்தில் புற்றை உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968-இல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடுத்தார்கள். நாயோ தன் உடலை நக்கும் பிராணி. ஆதலால் வசம்பின் இடம் சாக்கின் அடியே தவிர நாயின் கழுத்தன்று. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலின் எண்ணெயிலுள்ள லிமோனீன், முட்டை முதல் முதிர்ந்த பூச்சிவரை பூனைத்தெள்ளின் எல்லாப் பருவங்களையும் கொல்வதாக 1986-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. என்றாலும் அது பிழிந்தெடுத்த எண்ணெயைப் பற்றிய முடிவு, மூலையில் போட்டு வைத்த தோலைப் பற்றியதன்று. சீதாப்பழ விதைப் பொடி பேனையும் தெள்ளையும் கொல்லும்தான். கண்ணில் பட்டால் கருவிழியையும் புண்ணாக்கிவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்த்தால், பழைய வீடுகளில் தெள்ளை அடக்கி வைத்த புகழில் பெரும்பங்கு தழைக்கு உரியதன்று, விளக்குமாற்றுக்கு உரியது என்றே எனக்குத் தோன்றுகிறது. அன்றாடம் மூலைமுடுக்கெல்லாம் பெருக்கிக் குப்பையை வெளியே கொட்டினார்கள். பாயையும் சாக்கையும் வெயிலில் உதறிப் போட்டார்கள். சாணமிட்டு மெழுகி மண்தரையின் வெடிப்பை அடைத்தார்கள். புழுவின் ஆகாரமும், நிழலும், ஈரமும், ஒளிவிடமும் இவற்றால் ஒருங்கே பறிபோயின. அதன்மேல் வேம்பும் நொச்சியும் வசம்பும் துணை நின்றன. இன்றோ தரை சிமென்டாயிற்று; ஆயினும் சோபாவின் மடிப்பும், கம்பளமும், வெயில் காணாத நாய்ப்படுக்கையும் அந்தப் பழைய வெடிப்புகளின் உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டுவிட்டன.

ஆகவே தெள்ளு கண்ட வீட்டார் முதலில் செய்யத் தக்கது, நாயின் படுக்கையைக் கொதிநீரில் அலசி முழுப்பகல் வெயிலில் காயப்போட்டு, நெருங்கிய பல்லுள்ள சீப்பால் அதன் ரோமத்தைச் சீவி, சிக்கிய தெள்ளைச் சோப்புநீரில் முக்குவது. இரவில் தரைமட்டத்தில் விளக்கேற்றி அதன் கீழே ஒரு தட்டில் சோப்புநீர் வைத்தால் அதிலும் சில வந்து விழும், எத்தனை மிச்சமிருக்கின்றன என்றும் தெரியும். எலி வளைகளைக் கவனிக்க வேண்டும். எலி செத்தால் அதன் தெள்ளு நம்மைத் தேடி வரும் என்பதைக் கராச்சி ஜாடி நமக்குக் காட்டியிருக்கிறது. இவை முடிந்தபின் வேப்பங்கொட்டைச் சாறு; அதற்கும் பின்னரே மற்ற மூலிகைகள். பூனை வளர்ப்பவர்கள் மட்டும் இன்னும் ஒரு படி எச்சரிக்கையாயிருக்கக் கேட்டுக்கொள்கிறேன்: பல எண்ணெய்களின் விஷத்தை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலில் மிகக் குறைவு, மேலே பூசியதை அது நக்கி விழுங்கியும் விடும். கால்நடை மருத்துவரைக் கேளாமல் எந்தத் தைலத்தையும், அது எத்தகைய புனிதமான செடியிலிருந்து வடித்ததாயினும், பூனையின் மேல் பூசாதீர்கள்.